கொட்டகை வலையும் கடல் வலையும்: மரபணுச் சோதனைகளைப் புரிந்துகொள்ள

நாட்டுப்படகு வைத்திருக்கும் வீட்டின் கொட்டகையில் நண்டு வலை, சூடை வலை, இறால் வலை என்று ஏழெட்டு வகை தொங்கும். வாடையில் ஒன்று இறங்கும், கச்சானில் வேறொன்று இறங்கும். கொட்டகையில் என்னென்ன வலை இருக்கிறது என்பது ஒரு கேள்வி. இன்றைக்கு எந்த வலை தண்ணீரில் கிடக்கிறது என்பது வேறு கேள்வி. 'ஜீன் டெஸ்ட்' என்று பொதுவாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பதில் தேடுகின்றன. எந்தக் கேள்வி என்று தெரியாமல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால் பணம் போகும், பதில் வராது.

உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்கும் ஒரே கொட்டகைதான். 23 ஜோடி குரோமோசோம்கள், ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள், அவற்றுக்குள் புரதம் செய்வதற்கான குறிப்புகளாகச் சுமார் 20,000 மரபணுக்கள். கல்லீரலில் இருப்பதும் விழித்திரையில் இருப்பதும் அதே டிஎன்ஏ. ஆனால் இன்சுலின் மரபணு கணையத்தின் பீட்டா செல்களில்தான் மும்முரமாக வேலை செய்கிறது. தோலில் அது மடித்து வைத்த வலை. ஒரு மரபணு வேலை செய்யும்போது முதலில் அதன் நகல் ஆர்என்ஏவாக எழுதப்படும். அந்த நகலைப் பார்த்துச் செல் புரதத்தைக் கட்டும். எந்த மரபணு, எந்தச் செல்லில், எவ்வளவு நகல் எடுக்கப்படுகிறது என்பதற்குத்தான் மரபணு வெளிப்பாடு என்று பெயர்.

நோயும் இரண்டு வழியில் வரலாம். வலையே கிழிந்திருக்கலாம்: அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அல்லது வலையில் குறையே இல்லாமல், அளவுக்கு மீறி இறங்கியிருக்கலாம்: மார்பகப் புற்றுநோயில் 15 முதல் 20 சதவீதம் வரை ஹெர்2 என்ற மரபணு பல நகல்களாகப் பெருகி, அதன் புரதம் செல்லின் மேற்பரப்பை மொய்த்திருக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை வேறுபாடு பிறக்கிறது. பிறப்பில் வந்த டிஎன்ஏ மாறாது. சரியான லேபில், சரியான மரபணுவை ஒருமுறை பார்த்தால் போதும். ரத்தத்தில் பார்க்கலாம், எச்சிலில்கூடப் பார்க்கலாம். வெளிப்பாடு அப்படியல்ல. அது இன்றைய நிலவரம். நோய் இருக்கும் திசுவிலேயே பார்க்க வேண்டும், சில நோய்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

புற்றுநோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டியில் இருக்கும் பிழை பெரும்பாலும் இடையில் ஏதோ ஒரு செல்லில் விழுந்தது. அது பிள்ளைகளுக்குப் போகாது. பிறப்பிலேயே எல்லாச் செல்லிலும் இருக்கும் பிழைதான் பிள்ளைகளுக்குப் போகும். ஒரே மரபணுவின் பெயர் இரண்டு அறிக்கையிலும் வரலாம். 'இது கட்டியில் மட்டும் இருக்கிறதா, என் ரத்தத்திலும் இருக்கிறதா?' என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். குடும்பத்தின் பாதிப் பயம் அந்த ஒரு கேள்வியில் தீரும்.

அளப்பது எப்படி என்பது கொரோனா காலத்தைக் கடந்த எவருக்கும் புதிதல்ல. மூக்கில் எடுத்த ஆர்டி-பிசிஆர் அதே முறைதான். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கி, எத்தனையாவது சுற்றில் கருவியின் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்ப்பார்கள். 10 சுற்று முன்னதாகத் தெரிந்தால் தொடக்கத்தில் சுமார் 1,000 மடங்கு அதிகம் இருந்தது என்று பொருள். வைரஸின் ஆர்என்ஏவுக்குப் பதில் நம் செல்லின் ஆர்என்ஏவை எண்ணினால் அது வெளிப்பாட்டுச் சோதனை.

ரத்தப் புற்றில் ஒரு கணக்கு

வெளிப்பாட்டை எண்ணி வைத்தியம் பார்ப்பதற்கு சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோயைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. இதில் 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்ட அந்தக் குட்டைக் குரோமோசோமுக்கு ஊரின் பெயரே நின்றுவிட்டது. ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் என்ற புது மரபணு உருவாகிறது. (இந்த பிசிஆர் வேறு, கருவி செய்யும் பிசிஆர் வேறு. ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறுபடும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகித் தொல்லை தரும். அறிக்கையில் ஏபிஎல் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.) இது வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் சொல்லும் நொதியைத் தயாரிக்கிறது. இமாட்டினிப் மாத்திரை அந்த நொதியின் வாயை அடைத்துவிடும்.

2001இல் அமெரிக்காவில் இமாட்டினிப்புக்கு அனுமதி கிடைத்தது. 2013 ஏப்ரலில் இதன் காப்புரிமைக் கோரிக்கையை இந்திய உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. உள்நாட்டு நிறுவனங்களின் விலை குறைந்த மாத்திரைகளுக்கு வழி திறந்தே இருந்தது. வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இரவெல்லாம் விசைப்படகில் ஆடிக்கொண்டிருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். கரைக்குத் திரும்பிச் சாப்பிடும் வேளையை மாத்திரை வேளையாக வைத்துக்கொள்வது நல்லது.

மாத்திரை வேலை செய்கிறதா என்பதை ரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் ஆர்என்ஏவை எண்ணிச் சொல்வார்கள். உலகெங்கும் ஒரே அளவுகோல். ஐஎஸ் என்று அறிக்கையில் இருக்கும். மூன்றாம் மாதம் 10 சதவீதம் அல்லது கீழே, ஆறாம் மாதம் 1 சதவீதம் அல்லது கீழே, பன்னிரண்டாம் மாதம் 0.1 சதவீதம் அல்லது கீழே வர வேண்டும். வெள்ளணு எண்ணிக்கை சில வாரங்களிலேயே சரியாகிவிடும். அதை நம்பிச் சோதனையை விட்டுவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

எண் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது புது மருந்தை அல்ல, மாத்திரை அட்டையை. விடுபட்ட நாட்கள்தான் மிகச் சாதாரணமான காரணம். அடுத்து, இடையில் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அது கல்லீரலை முடுக்கி, இமாட்டினிப்பை வேகமாகக் கரைத்துவிடும். இரண்டும் இல்லையென்றால்தான் ஏபிஎல் பகுதியில் புதுப் பிழை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். டி315ஐ என்ற பிழை வந்திருந்தால் இமாட்டினிப்போடு நிலோட்டினிப், டசாட்டினிப் இரண்டும் பயனற்றுப் போகும். வேறு மருந்துக்குப் போயாக வேண்டும்.

அறிக்கையில் பலர் பார்க்காத ஒரு வரி உண்டு: ஒப்பிடுவதற்காக எண்ணும் கட்டுப்பாட்டு மரபணு, பெரும்பாலும் ஏபிஎல்1, எத்தனை நகல் என்பது. இது 10,000க்குக் கீழே இருந்தால் மாதிரியே சரியில்லை. அப்போது 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கிழிந்த வலையை இறக்கிவிட்டு மீனே இல்லை என்று சொல்வதைப் போல.

மாதிரி எங்கே கெடுகிறது? பெரும்பாலும் வழியில்தான். ஆர்என்ஏ மிக மென்மையானது. ரத்தத்திலேயே இருக்கும் நொதிகள் அதை அறுத்துக்கொண்டே இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். மதுரையில் எடுத்தாலும் மாதிரி அங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போகலாம். 24 மணி நேரத்தில் லேபைச் சேர்ந்தால் நல்லது, 48 மணி நேரத்தைத் தாண்டினால் எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல. அதனால் வெள்ளிக்கிழமை மாலை இந்த ரத்தம் எடுக்காதீர்கள். ஞாயிறு முழுக்க அது கூரியர் அலுவலகத்தில் கிடக்கும். திங்கள் முதல் புதன் வரை எடுங்கள். ஊதா மூடிக் குழாய், அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ போட்டது வேண்டும். பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும். அது பிசிஆர் வினையையே தடுத்துவிடும். குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. கட்டி தட்டிய ரத்தம் குப்பைக்குத்தான். குளிர்ச்சி வேண்டும், உறையக் கூடாது. மீன் பெட்டியில் போடுவதுபோல ஐஸ் கட்டிக்கு நடுவே புதைத்தால் செல்கள் வெடித்துவிடும். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, குழாய் அதைத் தொடாமல் வையுங்கள்.

பார்மலின் பாட்டிலும் 72 மணி நேரமும்

மார்பகக் கட்டியில் ஊசி போட்டு எடுத்த திசுவை ஒரு பாட்டிலில் போட்டு, 'லேபில் கொடுத்துட்டு வாங்க' என்று உறவினர் கையிலேயே கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த பாட்டிலில்தான் பின்னால் வரும் வைத்தியம் முழுவதும் இருக்கிறது. ஈஆர், பிஆர் (இரண்டும் பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்), ஹெர்2 ஆகிய மூன்று புரதங்கள் செல்லில் வெளிப்பட்டிருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்த்துத்தான் ஹார்மோன் மாத்திரையா, ஹெர்2ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியா, கீமோவா என்று முடிவாகும்.

திசுவை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நடுநிலை பார்மலினில் போட வேண்டும். திசுவின் கன அளவைப்போல 10 மடங்கு திரவம் இருக்க வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் கிடக்கலாம். சலைன் தண்ணீரில் போட்டால் திசு அழுகத் தொடங்கும். குறைவான பார்மலினில் திணித்தால் நடுப்பகுதி பதப்படாது. பொங்கல் விடுமுறையில் ஐந்து நாள் மேசையில் கிடந்தால் புரதங்கள் இறுகி, இருக்கும் ஈஆர்கூட இல்லை என்று வரலாம். இல்லாத நோயைக் காட்டுவதைவிட, இருக்கும் வழியை மறைப்பது இங்கே பெரிய ஆபத்து. ஐந்து ஆண்டு மாத்திரையில் கட்டுப்படக்கூடிய நோய்க்கு அந்த மாத்திரையே எழுதப்படாமல் போகும். இதற்கு ஐஸ் வேண்டவே வேண்டாம். ரத்தத்துக்குக் குளிர்ச்சி கேட்ட அதே ஆள் இதற்கு வேண்டாம் என்கிறாரே என்று தோன்றும். பார்மலினே பதப்படுத்தும் வேலையைச் செய்துவிடுகிறது, உறைந்தால் திசு சிதையும். பாட்டிலை வாங்கும்போதே மேலே எடுத்த தேதியும் நேரமும் எழுதச் சொல்லுங்கள்.

ஹெர்2 முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் உண்டு, 0 அல்லது 1+ என்றால் பெருக்கம் இல்லை. 2+ என்றால் இரண்டுங்கெட்டான். ஃபிஷ் என்ற அடுத்த சோதனை செய்து மரபணு நகல்களை எண்ண வேண்டும். (பெயர்தான் ஃபிஷ், மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 2+ஐ அப்படியே விட்டுவிட்டு கீமோ தொடங்குவது தவறு. டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது, இந்தியாவிலேயே இப்போது தயாராகிறது. இதயத்தைத் தளர்த்தக்கூடியது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பார்கள்.

இதற்கு மேலே போய், பல மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒன்றாகக் கூட்டி ஒரு மதிப்பெண் தரும் சோதனைகள் இருக்கின்றன. ஆன்கோடைப் டிஎக்ஸ் 21 மரபணுக்களைப் பார்க்கிறது. 16 புற்று தொடர்பானவை, 5 ஒப்பிடுவதற்கு. மதிப்பெண் 0 முதல் 100 வரை. ஈஆர் உள்ள, ஹெர்2 இல்லாத, நெறிகட்டிக்குப் பரவாத கட்டிகளில் 10,000 பெண்களுக்கு மேல் சேர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2018இல் வந்தது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு மதிப்பெண் 25 வரை இருந்தால் கீமோவால் கூடுதல் பலன் இல்லை. 50க்குட்பட்டவர்களில் 16 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு ஓரளவு பலன் தெரிந்தது. இந்தச் சோதனைக்கு லட்சக்கணக்கில் செலவாகும். ஹெர்2 உள்ளவருக்கோ, எப்படியும் கீமோ தேவை என்று முடிவாகிவிட்டவருக்கோ இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. 'முடிவு எப்படி வந்தால் வைத்தியம் எப்படி மாறும்?' என்று கேளுங்கள். மாறாது என்றால் சோதனை வேண்டாம்.

குடும்பத்தில் இளவயதில் மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று இப்படி எதுவும் இருந்தால் கேள்வி கொட்டகைக்குத் திரும்புகிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களை ரத்தத்தில் பார்க்க வேண்டும். 2017இல் வெளியான பெரிய ஆய்வின்படி பிஆர்சிஏ1 பிழை உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 72 சதவீதம், சினைப்பைப் புற்றுக்கு 44 சதவீதம். ஒவ்வொரு பிள்ளைக்கும் போகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, மகனுக்கும்தான். அப்பா வழியிலும் வரும் என்பதால் அத்தைகளின் நோயையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மா பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சோதனையை நோய் வந்தவரிடம் முதலில் செய்ய வேண்டும், நலமாக இருப்பவரிடம் அல்ல. நோயாளியிடம் பிழை எது என்று தெரியாமல் தங்கைக்கு 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை.

கிருமியின் மரபணு

எல்லா மரபணுச் சோதனையும் நம் மரபணுவைப் பார்ப்பதில்லை. இந்த ராமேஸ்வரக் கடற்கரையில் மிக அதிகம் பேர் செய்துகொள்ளும் மரபணுச் சோதனை சளிச் சோதனையாகத்தான் இருக்கும். சிபிநாட் கருவியும், கோவாவில் தயாராகும் ட்ரூநாட்டும் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடுகின்றன. கிருமியின் ஆர்பிஓபி மரபணுவில் பிழை இருந்தால் ரிஃபாம்பிசின் அதனிடம் எடுபடாது, அதையும் சொல்லிவிடும். சிபிநாட் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தரும். ட்ரூநாட் பாட்டரியில் ஓடும், ஏசி அறை கேட்காது. மின்சாரம் போய்வரும் ஊர்ப்புற சுகாதார நிலையத்துக்கு அது தோது.

சளி என்று சொல்லி எச்சிலைக் கொடுத்தால் கருவி எதையும் கண்டுபிடிக்காது. காலையில் எழுந்ததும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி 2 மில்லியாவது கொடுங்கள். இன்னொன்று: செத்த கிருமியின் டிஎன்ஏவும் பல மாதம் உடலில் இருக்கும். சிகிச்சை நடுவில் குணமாகிறதா என்று பார்க்க இந்தச் சோதனை உதவாது, பழைய நோயாளியை வீணாகப் பயமுறுத்தும். அதற்கு மைக்ரோஸ்கோப்பும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும்தான்.

மாத்திரை ஒன்று, உடம்பு வேறு

ராமேஸ்வரம் தீவில் மலேரியா பழைய கதை. சவுக்குத் தோப்புகளில் தண்ணீருக்காகத் தோண்டிய மணற்குழிகளில் கொசு உற்பத்தியானதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வைவாக்ஸ் மலேரியாவில் கிருமி கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். குளோரோகுயின் மூன்று நாளில் காய்ச்சலை இறக்கும், ஒளிந்ததைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 15 மில்லிகிராம்.

ஜி6பிடி என்ற மரபணுவில் குறை உள்ளவருக்கு இதே மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். அப்படியானால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குறை உள்ளவருக்கு வாரத்துக்கு ஒருமுறை வீதம் எட்டு வாரம், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் முறை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கொடுப்பதில்லை.

ஜி6பிடி நொதியை அளக்கும் ரத்தச் சோதனை ஏமாற்றும் நேரம் ஒன்று உண்டு. அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும்போதே ரத்தம் எடுத்தால், பழைய அணுக்கள் போய் இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். இளம் அணுவில் நொதி அதிகம் என்பதால் 'சரியாக இருக்கிறது' என்று வரும். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே பிரதி. குறை இருந்தால் முழுக் குறை. பெண்ணுக்கு இரண்டு, ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒன்றை நிரந்தரமாக மடித்து வைத்துவிடும். எந்தச் செல் எதை மடிக்கும் என்பது தற்செயல். அதனால் ஒரே பிழை உள்ள அக்காள் தங்கை இருவரில் ஒருவருக்கு நொதி ஏறக்குறைய முழுதாகவும் மற்றவருக்குப் பாதிக்குக் கீழாகவும் இருக்கலாம். கொட்டகை ஒன்று, கடலில் இறங்கியது வேறு. 'உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும் பட்டைச் சோதனை இவர்களைத் தவறவிடும். அளவைச் சொல்லும் சோதனை வேண்டும்.

குறை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் பெட்டித் துணிகளுக்குள் பாச்சை உருண்டை போடாதீர்கள். பிறந்த குழந்தையின் கையில் மருதாணி வைத்த பின் சிவப்பணு உடைந்த பதிவுகளும் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன, ஆசைக்குக்கூட வேண்டாம்.

சொந்தத்தில் கட்டிய வீடுகள்

அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டுவது இங்கே எல்லா மதத்திலும் இருக்கும் வழக்கம், தாய்மாமனைக் கட்டுவதும் சிலரிடம் உண்டு. அதைப் பற்றிப் பயமுறுத்துவதும் தவறு, கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. ஒரே மூதாதையின் மரபணுப் பிரதி அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே குழந்தையில் சேரும் வாய்ப்பு, குறிப்பிட்ட ஒரு மரபணுவுக்கு, அத்தை மகன் திருமணத்தில் 16இல் 1, தாய்மாமன் திருமணத்தில் 8இல் 1. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. ஆனால் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பீட்டா தலசீமியா போல இரண்டு பிரதியும் கெட்டால் வரும் நோய்கள் இங்கே அதிகம் வெளிப்படும்.

தலசீமியாவுக்கு நேரே மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டாம். முதலில் சாதாரண ரத்த எண்ணிக்கை. எம்சிவி (சிவப்பணுவின் பருமன்) 80க்குக் கீழ், எம்சிஹெச் (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27க்குக் கீழ் என்றால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி. அதில் ஏ2 வகை ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் அவர் சுமப்பவர். நோயாளி அல்ல, வாழ்நாள் முழுக்க நலமாக இருப்பார். கடும் இரும்புச்சத்துக் குறை இருந்தால் ஏ2 கீழே இறங்கிச் சுமப்பவரை மறைத்துவிடும். எல்லைக்கோட்டில் வந்தால் இரும்பு சரியான பின் மறுபடி பாருங்கள். கணவன், மனைவி இருவரும் சுமப்பவர் என்றால்தான் மரபணுப் பிழை எது என்று தேட வேண்டும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது.

கருவில் பார்ப்பதற்கு 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுக்கலாம், தவறினால் 16ஆம் வாரத்திலிருந்து பனிக்குட நீர். பெற்றோரின் பிழை முன்பே தெரிந்திருந்தால்தான் லேபால் வேகமாகச் சொல்ல முடியும். கர்ப்பம் தரித்து ஐந்தாம் மாதத்தில் மதுரைக்குப் போய் முதல் சோதனை தொடங்கினால் நாட்கள் போதாது. 2021இல் திருத்திய சட்டம் குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கருவில் கடும் குறை என்றால் அதற்கு மேலும் மருத்துவ வாரியம் முடிவெடுக்கலாம். இந்தச் சோதனையில் ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்று: பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்தால் அது வழக்கமான டைப் 1ஆக இருப்பது அபூர்வம். கேசிஎன்ஜே11 அல்லது ஏபிசிசி8 மரபணுவில் பிழை இருக்கலாம். 2006இல் வந்த ஆய்வில் கேசிஎன்ஜே11 பிழை உள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாறினார்கள். மலிவான சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைதான். ஒரு சோதனைக்கு இதைவிட நல்ல நியாயம் வேண்டுமா?

வலையை இறக்கவும் ஏற்றவும்

வெளிப்பாட்டை அளப்பதோடு நிற்காமல் மாற்றவும் முடிகிறது. கருவில் இருக்கும்போது நாம் வேறொரு ஹீமோகுளோபினில் வாழ்கிறோம். பிறந்து சில மாதங்களில் அந்த மரபணு மடித்து வைக்கப்படும். அரிவாள் செல் நோயும் தலசீமியாவும் அதன் பிறகே தலைகாட்டுகின்றன. மடிக்கச் சொல்வது பிசிஎல்11ஏ என்ற மரபணு. எலும்பு மஜ்ஜைச் செல்களில் இதை இயக்கும் இடத்தை வெட்டிவிட்டால் பழைய ஹீமோகுளோபின் திரும்ப வரும். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த கேஸ்கெவி சிகிச்சை இதுதான். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். கடுமையான கீமோவும் முன்னதாக உண்டு. ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய, மலிவான மாத்திரையும் அதே கரு ஹீமோகுளோபினை ஓரளவு உயர்த்துகிறது. அரிவாள் செல் நோயாளிக்கு இன்று கையில் கிடைப்பது அதுதான், அதைத் தவறாமல் போடுவதே பெரிய காரியம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. அது இன்னும் ஆராய்ச்சி நிலைதான்.

அறிக்கையின் மூன்று சொற்கள்

பத்தோஜெனிக் என்றால் நோய் தரும் மாற்றம். பினைன் என்றால் தீங்கற்றது. நடுவில் வியுஎஸ் என்று ஒன்று வரும்: மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை. வியுஎஸ்சை வைத்து அறுவை சிகிச்சை செய்வதோ கல்யாணத்தை நிறுத்துவதோ கூடாது. நம்மவர்களுக்கு இது அதிகம் வருவதற்குக் காரணம், ஒப்பிடும் தரவுத்தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது. எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் நம் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, பின்னாளில் இதயத் தளர்ச்சிக்கு வழிசெய்கிறது. 2009இல் இதை வெளியிட்ட குழுவில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருந்தனர். ஐரோப்பியரிடம் மட்டும் தேடியிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வியுஎஸ்கள் இனி மெல்லக் குறையும். எச்சிலை அனுப்பினால் எந்த உணவு ஒத்துக்கொள்ளும், குழந்தைக்கு எந்த விளையாட்டு வரும் என்று சொல்லும் பெட்டிகளுக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்து வைத்தால் ஒரு எச்பிஎல்சிக்கு ஆகும்.

இன்றைய வியுஎஸ் இரண்டு மூன்று ஆண்டில் வகை மாறலாம், அதே லேபில் மறுபடி கேளுங்கள். கட்டித் திசுவை மெழுகில் பதித்த பிளாக் எந்த லேபில் இருக்கிறது, அதன் எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்; புது மருந்து வரும்போது மறுபடி ஊசி குத்தாமல் அதிலிருந்தே சோதிக்கலாம். பிழையின் முழுக் குறியீடு எழுதிய பக்கத்தைப் படம் எடுத்தும் வையுங்கள், தாளையும் பத்திரப் பெட்டியில் வையுங்கள். 15 ஆண்டு கழித்துப் பேத்திக்குப் பார்க்க வேண்டி வந்தால், அந்த ஒரு வரி இருந்தால் லேப் 20,000 மரபணுவைத் துழாவாது. நேரே அந்த ஒரு எழுத்தைப் பார்க்கும். செலவும் அதற்கேற்பக் குறையும்.